இரண்டு கவுன்ட்டர், ஒரே கிளாக்: பழைய 475 ஸ்கோப்பில் தெரிந்த 6 நானோ நொடிப் படி

கோவையில் ஒரு சிறு பட்டறை, எஃகுத் தகட்டின் கனத்தை மீயொலியால் அளக்கும் கருவியைச் சொந்தமாக வடிவமைத்துச் செய்கிறது. தகட்டுக்குள் போன ஒலித்துடிப்பு மறுபக்கத்தில் மோதித் திரும்பிவர எடுக்கும் நேரத்தை, நொடிக்கு இரண்டு கோடி முறை துடிக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கால் எண்ணுவார்கள். ஓர் எண்ணிக்கை 50 நானோ நொடி. எஃகில் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் போகிறது. போகவும் வரவும் சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் எண்ணிக்கை கூடினால் கனம் 0.15 மில்லிமீட்டர் கூடிவிட்டதாகக் காட்டும். அரித்துப்போன குழாயைச் சோதிக்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

கருவிக்குள் இரண்டு கவுன்ட்டர்கள். ஒன்று கிளாக் பிறக்கும் முதன்மைப் பலகையிலேயே, கிளாக்கை வலுப்படுத்தி வெளியே அனுப்பும் பஃபர் ஐசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்று 60 சென்டிமீட்டர் நீள ரிப்பன் கேபிளின் மறுமுனையில், முகப்புப் பலகையில். இரண்டும் ஒரே நேரத்தை எண்ண வேண்டும், ஒத்துப்போக வேண்டும். புதிதாகச் செய்த தொகுதியில் சில கருவிகளில் ஒத்துப்போகவில்லை. காலையில் ஆன் செய்தால் சரியாக இருக்கும். பெட்டி சூடானதும் ஒரு கவுன்ட்டர் ஒன்றோ இரண்டோ கூடுதலாகக் காட்டும். எல்லாக் கருவியிலும் இல்லை, எப்போதும் இல்லை.

“கேபிள் நீளம் ஜாஸ்தி சார், அதுதான் காரணம்” என்றார் கருவியைக் கொண்டுவந்த டெக்னீஷியன். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் கனம் தெரிந்த எஃகுக் கட்டையை வைத்து அளந்து பார்த்தபோது, கேபிளின் மறுமுனையில் இருந்த கவுன்ட்டர் சரியாக எண்ணியது. தப்பாக எண்ணியது பஃபருக்குப் பக்கத்திலேயே, சில சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தது. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

பட்டறையில் என்ன பார்த்திருந்தார்கள்

முந்தைய தொகுதியில் பஃபரின் வெளிமுனை நேராகக் கேபிளுக்குப் போனது. புதிய தொகுதிக்கு முன் வடிவமைப்பாளர் ஒரு 100 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் ஸ்கோப்பில் (மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரையும் அலைக்காட்டி) கிளாக்கைப் பார்த்திருக்கிறார். ஸ்கோப்போடு வந்த புரோப் (சர்க்யூட்டைத் தொட்டு அளக்கும் முனை), அதன் முதலைக் கிளிப் போட்ட 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் வயர். திரையில் ஒவ்வொரு விளிம்புக்குப் பிறகும், அதாவது சிக்னல் சட்டென ஏறும் அல்லது இறங்கும் இடத்துக்குப் பிறகும், ஒரு வோல்ட்டுக்கு மேல் ரிங்கிங் என்கிற ஆட்டம். கேபிள் எதிரொலிக்கிறது என்று முடிவுகட்டி, பஃபருக்கும் கேபிளுக்கும் நடுவே 91 ஓம் மின்தடையைத் தொடராகப் போட்டார். பாடப்புத்தகம் சொல்லும் வைத்தியம்தான், குறை சொல்ல எதுவும் இல்லை. புதிய அச்சுப்பலகையில் இடவசதிக்காக முதல் கவுன்ட்டரின் கிளாக் கால், அந்த மின்தடையைத் தாண்டி, கேபிள் கனெக்டர் பக்கம் போய்ச் சேர்ந்தது.

மின்தடை போட்ட பிறகும் அதே புரோப்பால் பார்த்தார்கள். ரிங்கிங் குறைந்திருந்தது. விளிம்பு கொஞ்சம் நெளிந்து ஏறியது. மிச்சமுள்ள ரிங்கிங் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த நெளிவு என்ன என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், திரையில் தெரிவதில் எவ்வளவு சர்க்யூட்டுடையது, எவ்வளவு புரோப்புடையது, எவ்வளவு ஸ்கோப்புடையது என்று பிரித்தாக வேண்டும். என் மேசையில் இருப்பது டெக்ட்ரானிக்ஸ் 475. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், பீவர்ட்டனில் இருந்த தொழிற்சாலை 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்த மாடல். இரண்டு சானல், 200 மெகாஹெர்ட்ஸ், முழுக்க அனலாக். அதே நிறுவனம் 1960களின் தொடக்கத்திலேயே 519 என்ற மாடலில் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டிருந்தது. ஆனால் அதில் ஆம்ப்ளிஃபயரே கிடையாது, சிக்னல் நேராகப் படக்குழாயின் விலக்குத் தகடுகளுக்குப் போகும், அதனால் சில வோல்ட்டாவது இருந்தால்தான் கோடு அசையும். 475 அப்படியில்லை. திரையின் ஒரு கட்டத்துக்கு 2 மில்லிவோல்ட் வரை இறங்கி, ஒரு கட்டத்துக்கு 1 நானோ நொடி வரை விரித்துக் காட்டும். மேசை வேலைக்கு இன்றும் போதும்.

முதலில் ஸ்கோப்பையே அளப்பது

ஐம்பது வயதான கருவியின் முகப்பில் 200 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதால் மட்டும் அது 200 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடாது. இந்த மாடலில் டான்டலம் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆவது வழக்கம். மின்வழங்கியின் அலைவு கூடியிருக்கலாம். கட்டத்துக்கு எத்தனை வோல்ட் என்று மாற்றும் கேம் ஸ்விட்சுகளின் மெல்லிய தங்கமுலாம் விரல்களில் அழுக்கு ஏறியிருக்கலாம். அவற்றின்மேல் ஸ்பிரே அடிக்கக் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதப் பட்டையை நடுவில் விட்டு மெதுவாக இழுத்தால் போதும். உள்ளே கை வைக்கிறவர்கள் இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். படக்குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் ஏறத்தாழ 18 கிலோவோல்ட், ஆஃப் செய்த பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே தங்கியிருக்கும்.

பேண்ட்விட்த்துக்கும் (ஸ்கோப் தாங்கும் அதிர்வெண் எல்லை) ஏறு நேரத்துக்கும் எளிய உறவு உண்டு. 0.35ஐ பேண்ட்விட்த்தால் வகுத்தால், சிக்னல் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற ஸ்கோப் எடுத்துக்கொள்ளும் நேரம் வரும். 200 மெகாஹெர்ட்ஸுக்கு 1.75 நானோ நொடி. இந்த 0.35, அதிர்வெண் கூடக்கூட மெதுவாகச் சரியும் அமைப்புக்கு உரியது. பழைய அனலாக் ஸ்கோப்புகளை அப்படித்தான் வேண்டுமென்றே வடிவமைத்தார்கள், விளிம்பில் பொய்யான மேடு வராமல் இருப்பதற்காக. இன்றைய டிஜிட்டல் ஸ்கோப் பலவற்றில் சரிவு செங்குத்தாக இருக்கும், அவற்றுக்கு இந்த எண் 0.4ஐத் தாண்டும்.

இதைச் சோதிக்க, ஸ்கோப்பைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும் ஒரு துடிப்பு வேண்டும். விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தில் இருந்த ஜிம் வில்லியம்ஸ் 1991இல் வெளியிட்ட அவலாஞ்ச் துடிப்பாக்கி இந்த வேலைக்கென்றே பிறந்தது. ஒரு 2என்2369 டிரான்சிஸ்டர், சுமார் 90 வோல்ட், சில மின்தடைகள், அவ்வளவுதான். 15 வோல்ட்டுக்கும் 40 வோல்ட்டுக்கும் மேல் போகக் கூடாது என்று டேட்டா ஷீட் எச்சரிக்கிற டிரான்சிஸ்டரை வேண்டுமென்றே அந்த எல்லைக்கு அப்பால் தள்ளுகிறோம். கலெக்டரின் மின்னழுத்தம் மெல்ல ஏறி ஒரு புள்ளியைத் தொட்டதும் உள்ளே எலக்ட்ரான் சரிவு தொடங்கும், டிரான்சிஸ்டர் ஒரே பாய்ச்சலில் கடத்தும். அவர் தந்த ஏறு நேரம் 350 பிகோ நொடி.

அந்த வடிவத்தில் கலெக்டரில் 2 பிகோபேரட் கெப்பாசிட்டர் இருக்கும். அதிலிருந்து வரும் துடிப்பு மிகக் குறுகல். 475 போன்ற ஸ்கோப்பில் அது உச்சியை எட்டுவதற்குள் முடிந்துவிடும், ஏறு நேரத்தைப் படிக்க மேலே தட்டையான பகுதியே கிடைக்காது. அதனால் கெப்பாசிட்டருக்குப் பதிலாக 50 சென்டிமீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிளை, மறுமுனையைத் திறந்தபடி விட்டு, இணைத்தேன். கேபிளில் சிக்னல் மீட்டருக்கு 5 நானோ நொடி எடுக்கும். டிரான்சிஸ்டர் கடத்தியதும் கேபிளில் சேர்ந்திருந்த மின்னூட்டம் போய்த் திரும்பும் நேரம் முழுக்க ஒரே அளவில் வெளியே வரும், அதாவது 5 நானோ நொடி அகலத் துடிப்பு. தலை தட்டையாக இருக்கும். கேபிளின் கொள்ளளவு கூடுதல் என்பதால் மின்னூட்டும் மின்தடையை 1 மெகா ஓமிலிருந்து 330 கிலோ ஓமாகக் குறைத்தேன், இல்லையென்றால் துடிப்புகள் அபூர்வமாக வந்து திரை மங்கிப்போகும். வெளியே வருவது பல வோல்ட். அதைப் பத்தில் ஒரு பங்காக்கும் 50 ஓம் அட்டென்யுவேட்டர் வழியாகத்தான் ஸ்கோப்புக்குக் கொடுக்க வேண்டும்.

475இன் உள்ளீடு 1 மெகா ஓம், அதற்கு இணையாக 20 பிகோபேரட். அதே குடும்பத்தின் வேகமான மாடலான 485இல் உள்ளேயே 50 ஓம் உண்டு, இதில் கிடையாது. எனவே கேபிள் வந்து சேரும் இடத்தில் 50 ஓம் ஃபீட்-த்ரூ டெர்மினேட்டர் (கேபிளை எதிரொலியின்றி முடித்துவைக்கும் மின்தடை) கட்டாயம். அந்த 20 பிகோபேரட் விளிம்பைத் தாமதப்படுத்தாதா என்று கேட்கலாம். தாமதப்படுத்தும். ஆனால் உற்பத்தியாளர் பேண்ட்விட்த்தைக் குறிப்பிடுவதே 25 ஓம் மூலத்திலிருந்து அளந்துதான், கேபிளும் டெர்மினேட்டரும் சேர்ந்தால் வருவது சரியாக அந்த 25 ஓம். ஆகவே அந்தத் தாமதம் 1.75க்குள் ஏற்கெனவே அடக்கம்.

அறையை இருட்டாக்கித்தான் பார்க்க முடிந்தது. இந்தச் சுற்று நொடிக்குச் சில பத்தாயிரம் முறை துடிக்கிறது. ஒரு கட்டத்துக்கு 1 நானோ நொடி என்று விரித்தால் ஒளிப்புள்ளி திரையில் இருப்பது ஒவ்வொரு முறையும் 10 நானோ நொடி மட்டும். மீதி நேரமெல்லாம் திரை இருட்டு. ஒளிச்செறிவை முழுக்கத் திருப்பினால் நீலப்பச்சையில் ஒரு மெல்லிய கோடு எழும்பி நிற்கிறது. குழாயின் உட்பக்கத்திலேயே கட்டங்கள் பொறித்திருப்பதால் தலையை அசைத்தாலும் கோடும் கட்டமும் விலகாது. 0, 10, 90, 100 சதவீதக் கோடுகளும் அங்கேயே இருக்கின்றன. துடிப்பின் அடியை 0இலும் தலையை 100இலும் உட்காரவைத்து, 10ஐயும் 90ஐயும் கோடு வெட்டும் இடங்களுக்கு இடையே எண்ணினால் 1.8 கட்டம்.

இதைச் சரியாக அர்த்தப்படுத்த வேண்டும். ஏறு நேரங்கள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடும். 1.8இன் வர்க்கத்திலிருந்து 0.35இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் ஸ்கோப்பின் சொந்த ஏறு நேரம் சுமார் 1.77. சரி, நான் கட்டிய துடிப்பாக்கி 0.35 இல்லாமல் 0.5 என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் விடை 1.73தான். துடிப்பாக்கியின் துல்லியம் பற்றி இங்கே கவலைப்பட வேண்டியதில்லை. இந்த 475 தன் வாக்கைக் காப்பாற்றுகிறது.

கிடைமட்ட அளவையும் சரிபார்த்தேன், ஏனென்றால் பத்து மடங்கு உருப்பெருக்கிய ஸ்வீப்பை (ஒளிப்புள்ளி இடமிருந்து வலமாக ஓடும் வேகம்) அப்படியே நம்பக் கூடாது. 100 மெகாஹெர்ட்ஸ் படிக ஆஸிலேட்டர் ஒன்றைக் கொடுத்தால் ஒரு முழு அலை சரியாக 10 கட்டத்தில் அடங்க வேண்டும். 0.2 கட்டம் கூட இருந்தது, 2 சதவீதம். ஏற்றுக்கொள்ளலாம். ஸ்வீப்பின் ஆரம்பப் பகுதி கொஞ்சம் வளைந்திருக்கும் என்பதால் அளவுகளை அதற்கு அடுத்த பகுதியிலேயே எடுத்தேன்.

புரோப் செய்யும் வேலை

ஸ்கோப் பழசு என்று கவலைப்படுகிறவர்களில் பலர் புரோப்பைக் கண்டுகொள்வதில்லை. இந்த நிகழ்வில் ஏமாற்றியது புரோப்தான்.

சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கித் தரும் பத்து மடங்கு புரோப்பின் மேல் 10 மெகா ஓம் என்று எழுதியிருக்கும். டிசிக்கு, அதாவது மாறாத மின்னழுத்தத்துக்கு, அது உண்மை. முனையில் 15 பிகோபேரட் இருக்கிறதே, 250 மெகாஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு 42 ஓம்தான். ஒன்றேகால் நானோ நொடியில் ஏறும் விளிம்பில் அந்த அதிர்வெண்கள் தாராளமாக உண்டு. அதாவது விளிம்பு ஏறும் கணத்தில் 42 ஓம் அளவு சுமையைச் சர்க்யூட்டின் தலையில் வைக்கிறோம்.

கிரவுண்ட் வயர் அதைவிட மோசம். வயருக்குச் சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நானோஹென்றி என்று வைத்துக்கொண்டால் 15 சென்டிமீட்டருக்கு 150. முனையின் 15 பிகோபேரட்டோடு சேர்ந்து அது ஒத்ததிர்வது ஏறத்தாழ 106 மெகாஹெர்ட்ஸில், அலைக்கு 9.4 நானோ நொடி. வேகமான விளிம்பு ஒவ்வொன்றும் ஊஞ்சலைத் தள்ளிவிடுகிற மாதிரி இதைத் தள்ளிவிடும், அது தன் கதியில் ஆடிக்கொண்டிருக்கும். பட்டறையில் பார்த்த ரிங்கிங்கின் படத்தைக் கைபேசியில் காட்டினார்கள். அலையின் நீளம் ஒன்பது, ஒன்பதரை நானோ நொடி. கேபிளின் எதிரொலியாக இருந்தால் 12 நானோ நொடி பக்கம் இருக்க வேண்டும், அதுவும் கேபிளின் மறுமுனையில்தான் பெரிதாகத் தெரிய வேண்டும். அவர்கள் பார்த்தது பஃபரின் காலிலேயே.

இதை உறுதிசெய்ய இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ஒன்று, கிரவுண்ட் வயரின் நீளத்தை மாற்றிப் பார்ப்பது. ரிங்கிங்கின் அதிர்வெண் மாறினால் அது புரோப்பின் சொத்து. புரோப் தலையில் 1 சென்டிமீட்டர் ஸ்பிரிங்கை மாட்டியதும் ஒத்ததிர்வு 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போய்விட்டது, 475இல் அந்த ஆட்டம் தெரியவே இல்லை. இன்னொன்று, புரோப் முனையையும் அதன் கிரவுண்டையும் சேர்த்து, பலகையின் ஒரே கிரவுண்ட் புள்ளியில் வைப்பது. அளக்க எதுவும் இல்லாத இடத்தில் திரையில் ஏதாவது வந்தால் அது வெளியிலிருந்து புகுந்தது. இந்தப் பலகையில் நீள வயரோடு வைத்தபோது 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் வந்தது. எந்த ஸ்கோப்பாக இருந்தாலும் வேகமான அளவீட்டுக்கு முன் இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாமல் நான் எதையும் நம்புவதில்லை.

அளவீட்டுக்கு நான் வைத்துக்கொண்டது வேறொரு புரோப். பலகையில் அளக்க வேண்டிய புள்ளியில் 1 கிலோ ஓம் சிப் மின்தடையைப் பற்றவைத்து, அதன் மறுமுனையில் மெல்லிய ஆர்ஜி-316 கோஆக்ஸின் நடுக்கம்பி, அதன் வலையுறை பக்கத்திலுள்ள கிரவுண்டில் ஒரு சில மில்லிமீட்டர் நீளத்தில். மறுமுனை 50 ஓம் டெர்மினேட்டர் வழியாக ஸ்கோப்புக்கு. 1,050க்கு 50 என்ற கணக்கில் 21 மடங்கு குறைந்து வரும். முனையின் கொள்ளளவு ஒரு பிகோபேரட்டுக்கும் கீழே, கேபிள் எவ்வளவு நீளம் என்பதும் பொருட்டில்லை. இதன் பலவீனம், சர்க்யூட்டுக்கு 1,050 ஓம் நிலையான சுமை. 5 வோல்ட் இருக்கும் இடத்தில் 5 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் கீழே இழுக்கும். இந்தப் பஃபர் சேர்ந்த 74ஏசி ஐசி குடும்பத்துக்கு அது ஒன்றுமில்லை. 500 ஓம் அளவில் செய்திருந்தால் சிக்னல் இன்னும் பெரிதாகக் கிடைத்திருக்கும், ஆனால் நடுவில் 91 ஓம் மின்தடை இருப்பதால் மேல்மட்டம் ரொம்பவே இறங்கியிருக்கும்.

திரையில் வந்தது

முதலில் பஃபரின் கால், 91 ஓமுக்கு முன்னால். சுத்தமான விளிம்பு, ரிங்கிங் என்று சொல்ல எதுவுமில்லை. ஏறு நேரம் 2.2 நானோ நொடி. வர்க்கக் கணக்கில் ஸ்கோப்பின் 1.8ஐக் கழித்தால் உண்மையில் சுமார் 1.3. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. திரையில் 2.1 என்று படித்தால் விடை 1.1, 2.3 என்று படித்தால் 1.4. ஸ்கோப்பின் வேகத்துக்கு அருகில் போகப்போகப் படிப்பதில் சின்னப் பிசகும் விடையில் பெரிதாகும். ஆகவே ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் என்று சொல்வதுதான் நேர்மை. இந்த வேலைக்கு அது போதும்.

அடுத்து 91 ஓமுக்குப் பின்னால், முதல் கவுன்ட்டரின் கிளாக் கால். கோடு 0இலிருந்து வேகமாக ஏறுகிறது, 2.4 வோல்ட் பக்கம் வந்ததும் நின்றுவிடுகிறது. மூன்றரைக் கட்டத்துக்குத் தட்டையாகப் போகிறது. பிறகு மறுபடி ஏறி நாலரை வோல்ட்டில் முடிகிறது. இரண்டு ஏற்றங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 5.8 நானோ நொடி. இறங்கும் விளிம்பிலும் அதே மாதிரி ஒரு படி. பட்டறையில் மிச்சமுள்ள ரிங்கிங் என்று நினைத்த நெளிவு இதுதான். 9.4 நானோ நொடி அலையின் மேல் 6 நானோ நொடிப் படியைப் போட்டால் யார் கண்ணுக்கும் அலையின் ஒரு வளைவாகத்தான் தெரியும்.

படி எங்கிருந்து வந்தது என்பது எளிது. ரிப்பன் கேபிளின் இயல்பு மின்மறுப்பு, அதாவது ஓடும் அலைக்கு அது காட்டும் எதிர்ப்பு, சுமார் 100 ஓம். பஃபரின் உள்மின்தடை 12 ஓம் அளவு, அதோடு 91 சேர்ந்து 103. இரண்டும் சமம் என்பதால் கேபிளின் தொடக்கத்துக்குக் கிடைப்பது பாதி மின்னழுத்தம். அந்தப் பாதி அலை கேபிளில் ஓடி, திறந்த மறுமுனையில் இரட்டிப்பாகி முழு அளவாகிறது. ஆகவே தூரத்திலிருக்கும் கவுன்ட்டர் ஒரே மூச்சில் முழு ஏற்றத்தைப் பார்க்கிறது. எதிரொலித்த அலை திரும்பித் தொடக்கத்துக்கு வந்து சேரும் வரை, தொடக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதிதான். ரிப்பனில் சிக்னல் மீட்டருக்கு 4.6 முதல் 5 நானோ நொடி எடுக்கும், 60 சென்டிமீட்டர் போய்வர ஐந்தரை முதல் 6. திரையில் பார்த்தது 5.8. 21 மடங்கு புரோப்பின் சுமையைக் கழித்துவிட்டால் படியின் உயரம் 2.5 வோல்ட்.

5 வோல்ட்டில் இயங்கும் சிமாஸ் கவுன்ட்டர் 0, 1 என்று தீர்மானிக்கும் எல்லையும் ஏறக்குறைய அந்த 2.5 வோல்ட்தான். சரியாக அந்த எல்லையில் கிளாக் சில நானோ நொடி தங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் மின்வழங்கியில் ஒரு சின்னச் சிலிர்ப்பு வந்தால் போதும், ஐசிக்குள் ஒரு விளிம்பு இரண்டாகிவிடும். எல்லை ஐசிக்கு ஐசி கொஞ்சம் மாறும், வெப்பத்தோடும் நகரும். சில கருவிகளில் மட்டும், அதுவும் சூடான பிறகு மட்டும் பிழை வந்ததற்கு அதுவே காரணம். பக்கத்திலிருப்பது தப்பாக எண்ணி, தூரத்திலிருப்பது சரியாக எண்ணியதும் இதனால்தான்.

கணக்கு பொருந்துகிறது என்பதற்காக மட்டும் விட்டுவிட முடியாது. 60 சென்டிமீட்டர் கேபிளைக் கழற்றி 30 சென்டிமீட்டர் போட்டேன். நடுப்புள்ளிகளின் இடைவெளி 2.9 நானோ நொடியாகச் சுருங்கியது, தட்டை மறைந்து விளிம்பில் ஒரு மடிப்பு மட்டும் மிஞ்சியது. கேபிளை அடியோடு கழற்றியதும் படியும் போனது. பிறகு ஒரே நீளத்தில் வெட்டிய இரண்டு கோஆக்ஸ்களோடு இரண்டு சானலிலும் இரண்டு கவுன்ட்டர்களின் கால்களைச் சேர்த்துப் பார்த்தேன். நீளம் 20 சென்டிமீட்டர் வேறுபட்டாலே 1 நானோ நொடி பொய்யாகச் சேரும் என்பதால் அந்தக் கவனம் தேவை. தூரத்து ஏற்றம், பக்கத்துப் படியின் சரியாக நடுவில், 2.9 நானோ நொடி கழித்து, ஒரே வீச்சில் நின்றது.

அனலாக் திரையால் முடியாதது

கூடுதலாக எண்ணிய அந்தத் தனி நிகழ்வை 475 பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது. பல லட்சம் விளிம்புகளில் எப்போதோ ஒருமுறை நடப்பது திரையின் ஒளிரும் பூச்சில் ஒரு தடயமும் விடாமல் போய்விடும். 1970களின் கடைசியில் வந்த அதே நிறுவனத்தின் 7104இல், எலக்ட்ரான்களைப் பெருக்கும் மைக்ரோசானல் தட்டு பொருத்திய படக்குழாய் இருந்தது, 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரே ஒருமுறை வரும் துடிப்பையும் சாதாரண அறை வெளிச்சத்தில் கண்ணால் பார்க்கலாம். அதுவும் அந்த நொடியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான். அபூர்வப் பிழையைக் காத்திருந்து பிடிப்பது டிஜிட்டல் ஸ்கோப்பின் வேலை, அதில் சந்தேகமே இல்லை.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் வேகமான விளிம்பின் வடிவத்தைப் பார்க்க மட்டும் நான் அனலாக் பக்கம் சாய்கிறேன். இரண்டு சானலும் போட்டால் சானலுக்கு நொடிக்கு 50 கோடி சாம்பிள் எடுக்கும் மலிவு டிஜிட்டல் ஸ்கோப்பில், புள்ளிக்குப் புள்ளி 2 நானோ நொடி. நம் விளிம்பு ஏறி முடிவதற்குள் ஒரு புள்ளிகூட விழாமல் போகலாம், நடுவில் தெரியும் கோடு மென்பொருள் இட்டு நிரப்பியது. 475இல் அப்படி இட்டு நிரப்ப எதுவுமில்லை. மெதுவாக்கிக் காட்டும், ஆனால் எவ்வளவு மெதுவாக்குகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளலாம். அதே நேரம், நீள கிரவுண்ட் வயரை 475இல் மாட்டியிருந்தால் அதுவும் இதே பொய்யைத்தான் காட்டியிருக்கும். அந்த 100 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் ஸ்கோப்பில் 1 கிலோ ஓம் புரோப்பை மாட்டியிருந்தால் படி நிழலாகவாவது தெரிந்திருக்கும்.

செய்த மாற்றம்

91 ஓமைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார்கள். கழற்றினால் முதல் கவுன்ட்டரின் படி போய்விடும். ஆனால் மறுமுனையில் உண்மையான எதிரொலி தொடங்கும், ஐசியின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடுகள் ஒவ்வொரு விளிம்பிலும் அதை விழுங்க வேண்டியிருக்கும். பழைய தொகுதி அப்படித்தான் பிழைத்து வந்தது. அது நல்ல வழியில்லை.

பஃபர் ஐசியில் தனித்தனியாக இயங்கும் எட்டு கேட், பாதி சும்மா இருந்தது. பலகையில் ஒரு தடத்தை வெட்டி, முதல் கவுன்ட்டருக்குத் தனியாக ஒரு கேட்டின் வெளிமுனையை நேரடியாகக் கொடுத்தோம். கேபிளுக்கு இன்னொரு கேட், அதே 91 ஓம் வழியாக. 475இல் மறுபடி பார்த்தபோது முதல் கவுன்ட்டரின் காலில் ஏற்றம் 2.3 நானோ நொடியில் தடையின்றி முடிந்தது. மேலே 200 மில்லிவோல்ட்டுக்கும் குறைவான ஒரு சிறு மேடு, இரண்டு சென்டிமீட்டர் ஜம்பர் வயருடையது. தவறு காட்டிய கருவிகளை மூடிய பெட்டியில் சூடாக்கி இரவு முழுவதும் ஓடவிட்டார்கள். இரண்டு கவுன்ட்டர்களும் பிரியவில்லை.

அடுத்த தொகுதிக்கான பலகையில் இந்த வெட்டும் ஜம்பரும் தேவைப்படாது, கேட்டுகள் தனித்தனியாகவே போகின்றன. பஃபர் பக்கம் ஒன்று, கேபிள் கனெக்டர் பக்கம் ஒன்று என இரண்டு இடங்களில் 1 கிலோ ஓம் சிப் மின்தடைக்கும், அதையொட்டி கோஆக்ஸின் வலையுறையைப் பற்றவைக்க ஒரு கிரவுண்ட் திட்டுக்கும் இடம் விட்டு வரைந்திருக்கிறார் வடிவமைப்பாளர்.